பனிப்புயலுக்கு மறுநாள் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது: அறிகுறியைக் கொண்டு கோளாறு நீக்கும் வழிமுறை

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜனவரி மாதத்தின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 9 டிகிரி செல்சியஸ். அந்த நகரில்தான் நான் பல குளிர்காலங்களாக மிட்டவுன் கிரீன்வே என்னும் பாதை வழியாகச் சைக்கிளில் வேலைக்குப் போய் வருகிறேன். ஒரு காலத்தில் ரயில் ஓடிய பள்ளத்துக்குள், 29ஆம் தெருவை ஒட்டிக் கிழக்கு மேற்காகச் செல்லும் இந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 9 கிலோமீட்டர். இதன் முதல் பகுதி 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. குளிர்காலத்திலும் நகர நிர்வாகம் இதில் பனியை அகற்றுகிறது. பக்கத்துத் தெருக்களுக்கு முன்பே இது சுத்தமாகிவிடும் நாள்களும் உண்டு. அப்படியிருந்தும் புயல் ஓய்ந்த மறுநாள் காலையில் பாதையோரம் யாராவது ஒருவர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு என்ன ஆயிற்று என்று புரியாமல் நிற்பதைப் பார்க்கிறேன்.

அவர்களோடு சேர்ந்து பழுது பார்த்ததிலும் என் வண்டியிலேயே பட்டதிலும் எனக்கு உறுதிப்பட்டது ஒன்றுதான். கோளாறுகளில் பெரும்பாலானவை வெறும் குளிரால் வருவதில்லை. ஓரிடத்தில் உருகிய பனி இன்னோரிடத்தில் போய் மீண்டும் உறைவதால் வருகின்றன. ஆகவே கீழே உள்ள அறிகுறிகளில் எதைச் சந்தித்தாலும், கருவியைக் கையில் எடுப்பதற்கு முன்பாக, இங்கே தண்ணீர் எப்படி வந்தது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைத்துவிடும்.

முன்சக்கரம் திருப்பிய பக்கம் போகாமல் அலைகிறது

முதலில் டயருக்கு அடியில் இருப்பது எந்த வகைப் பனி என்று பாருங்கள். கடுங்குளிரில் புதிதாக விழுந்த பனி அரிசி மாவு போல உலர்ந்து லேசாக இருக்கும். 10 சென்டிமீட்டர் ஆழம் வரைக்கும் சாதாரண டயரே அதை அறுத்துக்கொண்டு அடியிலுள்ள தார்ப்பரப்பைத் தொட்டுவிடும் என்பதால் அதில் ஓட்டுவது பலரும் அஞ்சுவதைவிட எளிது. தொல்லை கொடுப்பது, பலர் மிதித்தும் வண்டிகள் உழக்கியும் உப்பு கலந்தும் நாட்டுச் சர்க்கரையைப் போலப் பழுப்பாகிப் பொலபொலவென்று கிடக்கும் பனிதான். அது இறுகுவதும் இல்லை, விலகி வழி விடுவதும் இல்லை. சக்கரத்தை இருபுறமும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

அதில் அலைச்சலைக் குறைக்க முதலில் செய்ய வேண்டியது டயரின் காற்றைக் குறைப்பது. எவ்வளவு குறைப்பது என்று கணக்கிடும்போது குளிரே ஒரு பங்கைக் குறைத்துவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் 60 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தின் அலகு) அடித்த டயர், மைனஸ் 20 டிகிரியில் வெளியே நின்ற பிறகு ஏறத்தாழ 50 பிஎஸ்ஐதான் காட்டும். அகலமான டயரில் இந்த வேறுபாடு இன்னும் உறைக்கும்: வீட்டுக்குள் 8 பிஎஸ்ஐ அடித்தால் அதே குளிரில் அது 5க்கும் கீழே போய்விடும், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். ஆகையால் காற்றை வெளியே வைத்து அளப்பதே சரி. சாதாரண டயர் என்றால், அதன் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் குறைந்தபட்ச அழுத்தம் வரை தயங்காமல் இறக்கலாம்.

அடுத்தது உடம்பு. ஹேண்டில் பாரை இறுகப் பிடிக்கும்போது ஒவ்வொரு சிறு தள்ளலுக்கும் கை எதிர்வினை காட்டி அலைச்சலைப் பெரிதாக்குகிறது. பிடியைத் தளர்த்தி, உடம்பின் பாரத்தைச் சற்றுப் பின்னால் கொண்டுபோய், ஒரு கியர் குறைத்துச் சீரான வேகத்தில் மிதித்துக்கொண்டே இருங்கள். முன்சக்கரம் பெரும்பாலும் தானாக நேராகும். பார்வை சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் பனிக்கட்டியில் நிலைத்தால் வண்டியும் அதை நோக்கியே போகும். பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிப் பாருங்கள். சீட்டை இரண்டு சென்டிமீட்டர் இறக்கி வைத்துக்கொண்டால் வேண்டியபோது கால் ஊன்றலாம், அந்தத் தைரியமே பிடியைத் தளர்த்திவிடும்.

மாலையில் குழைந்த பனியில் பதிந்த காலடிகளும் டயர்த் தடங்களும் இரவில் உறைந்து, காலையில் சிமெண்டில் பதித்தவை போலக் கிடந்தால் மேலே சொன்னது எதுவும் போதாது. அந்தத் தடத்துக்குள் சக்கரம் இறங்கினால் அது விட்ட வழியிலேதான் போக முடியும். சாய்வாக ஏறி வெளியே வர முயன்றால் வழுக்கி விழ நேரும். தடத்தைக் குறுக்கே செங்குத்தாகக் கடக்க வேண்டும், அல்லது இறங்கித் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். நடப்பதில் எந்தக் குறைவும் இல்லை.

அகல டயர் சைக்கிள் வாங்கினால் எல்லாம் தீர்ந்துவிடுமா என்று பலர் கேட்கிறார்கள். மினியாபொலிஸை அடுத்த ப்ளூமிங்டனிலிருந்து சர்லி நிறுவனம் 2005இல் 3.7 அங்குல டயரோடு பக்ஸ்லி என்ற வண்டியைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த வகை கடைகளில் எளிதாகக் கிடைக்கத் தொடங்கியது. பனி அகற்றப்படாத காட்டுப் பாதைக்கும் ஏரிக்கரைக்கும் அது அருமையான வண்டி. ஆனால் அகற்றப்பட்ட பாதையில் தினமும் வேலைக்குப் போவோரைக் கீழே தள்ளுவது ஆழமான பனியைவிடப் பனிக்கட்டிதான். அதன் மேல் ஆணி இல்லாத அகல டயரும் குறுகிய டயரும் ஒன்றுபோலவே வழுக்கும்.

சுத்தமான பாதையில் திடீரென்று ஓரிடத்தில் மட்டும் வழுக்குகிறது

கிரீன்வேயில் இது பெரும்பாலும் பாலங்களின் அடியில் நிகழ்கிறது. ரயில்பாதையைத் தெருக்களுக்குக் கீழே இறக்கிய 1912 முதல் 1916 வரையிலான பணியின்போது கட்டிய கான்கிரீட் பாலங்கள் வரிசையாகப் பாதையைக் கடக்கின்றன. மேலே தெருவில் கிடக்கும் பனி பகல் வெயிலிலும் உப்பிலும் உருகி, பாலத்தின் இணைப்புகள் வழியே சொட்டி, நிழலில் கிடக்கும் பாதையில் விழுந்து உறைகிறது. ஒவ்வொரு சொட்டும் முன்பு உறைந்ததன் மேல் படிவதால், சில நாள்களில் கவிழ்த்து வைத்த இட்லியைப் போல ஒரு கண்ணாடி மேடு எழும்பிவிடும். அதன் மேல் நேற்றிரவு விழுந்த மெல்லிய பனி போர்த்தியிருந்தால் கண்ணுக்கே தெரியாது. பாலத்தின் விளிம்பில் பனி ஊசிகள் தொங்குகின்றனவா என்று தலையை நிமிர்த்திப் பாருங்கள். ஊசிக்கு நேர் கீழேதான் மேடு இருக்கும்.

இதற்கு நேர்மாறான இடம், 2007இல் திறக்கப்பட்ட மார்ட்டின் ஒலாவ் சாபோ பாலம். ஹயவாத்தா அவென்யூவின் மேலாகக் கம்பி வடங்களில் தொங்கும் இந்தப் பாலத்தின் தளம் மேலும் கீழும் காற்றுப் படுவதால் தரையைவிட முன்னதாக உறைகிறது. மண்ணின் மேலுள்ள பாதை ஈரமாக மட்டுமே இருக்கும் காலையில் இங்கே கருப்பு உறைபனி, அதாவது கண்ணுக்கு எளிதில் தெரியாத மெல்லிய பனிக்கட்டிப் படலம், இருக்கக்கூடும். ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் எச்சரிக்கை வேண்டும்.

பனிக்கட்டியின் மேல் ஏறிவிட்டதை உணர்ந்தால் அந்த இரண்டு மூன்று வினாடிகளுக்குப் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள், அழுத்தி மிதிக்காதீர்கள். வண்டி தன் போக்கில் கடந்துவிடும்.

நிலையான தீர்வு ஆணி பதித்த டயர். டங்ஸ்டன் கார்பைடு முனை கொண்ட ஆணிகளே நீடிக்கும். சாதாரண எஃகு முனைகள் தார்ச்சாலையில் விரைவில் தேய்ந்துவிடும். இரண்டு வாங்கப் பணம் இல்லையென்றால் ஒன்றை வாங்கி முன்சக்கரத்தில் போடுங்கள், ஏனென்றால் பின்சக்கரம் வழுக்கினால் சமாளித்துவிடலாம், முன்சக்கரம் வழுக்கினால் தோள்தான் முதலில் தரையைத் தொடும். புது டயரை மாட்டியதும் முதல் 40 கிலோமீட்டர் தூரம் வெறும் தார்ச்சாலையில், திடீர்ப் பிரேக்கும் வேகமும் இல்லாமல் ஓட்டினால் ஆணிகள் ரப்பருக்குள் சரியாக அமர்ந்துகொள்ளும். பொலபொலப் பனியில் ஆணியால் பெரிய பயன் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உப்புப் போட்டிருக்கிறார்களே என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. சாதாரண உப்பு ஏறத்தாழ மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே உருக்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடுகிறது. கூடவே, ஒரு தேக்கரண்டி உப்பு 5 கேலன், அதாவது ஏறத்தாழ 19 லிட்டர் தண்ணீரைக் கெடுத்துவிடும் என்று மினசோட்டா மாநில மாசுக் கட்டுப்பாட்டு முகமை எச்சரித்து வருகிறது. ஏரிகளால் சூழப்பட்ட இந்த ஊரில் பாதைக்கு இன்னும் அதிகம் உப்புக் கொட்டச் சொல்வதைவிட ஆணி டயர் வாங்குவதே நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

பாதையிலிருந்து தெருவுக்கு ஏறும் இடத்தில் சக்கரம் புதைகிறது

பனி அகற்றும் வண்டி தெருவைச் சுத்தம் செய்துகொண்டே போகும்போது ஒதுக்கும் பனி, சாய்தளத்தின் வாயிலில் வயல் வரப்பைப் போலக் குவிந்து, ஓரிரு மணி நேரத்தில் இறுகிவிடும். ஓட்டிக்கொண்டே ஏற முயலாமல் இறங்கித் தூக்கிக் கடங்கள். நகரம் பனி அவசரநிலை அறிவித்தால், முதல் நாள் இரவு 9 மணி முதல் மறுநாள் காலை 8 மணி வரை முக்கியச் சாலைகளும், அதன் பிறகு இரண்டு பகல்களில் மற்றத் தெருக்களின் இருபுறங்களும் முறைவைத்துச் சுத்தம் செய்யப்படும். காலையில் திறந்திருந்த வழி மாலையில் மூடிக் கிடப்பதற்கு இந்த முறைதான் காரணம். கிரீன்வேயிலிருந்து நினைத்த இடத்தில் வெளியேற முடியாது என்பதால், அடுத்த சாய்தளம் எது என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

பெடல் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை

குளிர்காலக் கோளாறுகளில் ஆளை மிகவும் கலங்கடிப்பது இதுதான். ஒரு பிப்ரவரி மாதக் காலையில், மைனஸ் 24 டிகிரியில், சாபோ பாலத்தின் ஏற்றத்தில் எனக்கு இது நேர்ந்தது. செயின் இருக்கிறது, பல்சக்கரம் சுற்றுகிறது, ஆனால் பின்சக்கரம் அசையவே இல்லை. செயின் அறுந்தால்கூடப் புரிந்துகொள்ளலாம். எல்லாம் சரியாக இருந்தும் வண்டி நகராதபோது அச்சே உடைந்துவிட்டதோ என்று தோன்றும். எதுவும் உடைந்திருக்காது.

மிதிக்காதபோதும் பின்சக்கரத்தை உருள விடும் பாகம் ஃப்ரீவீல். அதன் உள்ளே வில்லால் தாங்கப்பட்ட சிறு நாக்குகள் இருக்கின்றன. முன்னோக்கி மிதிக்கும்போது அவை எழும்பி உட்புறப் பற்களைக் கவ்வும். மிதிக்காதபோது பற்களின் மேல் தத்திக்கொண்டே போகும், அந்தக் கிளிக்கிளிக் ஓசைதான் நாம் கேட்பது. உள்ளே ஈரம் புகுந்து உறைந்தாலோ, கெட்டியான கிரீஸ் குளிரில் மெழுகாகிவிட்டாலோ நாக்குகள் படுத்த இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும். பெடலைப் பின்னோக்கிச் சுழற்றிக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். ஓசையே இல்லையென்றால் கோளாறு இதுதான். அன்று நான் சுழற்றியபோது அந்தப் பாலத்தின் மேல் காற்றின் ஓசை மட்டும்தான் கேட்டது.

வழியில் செய்யக்கூடியது: கைகளைச் சூடாக்கும் ரசாயனப் பொட்டலங்கள் இரண்டைப் பின்சக்கரத்தின் அச்சுக்குடத்தின் மேல் வைத்துக் கழுத்துத் துணியால் சுற்றிக் கட்டி, பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெடலை முன்னும் பின்னுமாக வெட்டி வெட்டி அசைத்தால் ஒரு நாக்காவது விடுபட்டுக் கவ்வும். கவ்விய பின் வீடு சேரும்வரை மிதிப்பதை நிறுத்தாதீர்கள். சும்மா உருள விட்டால் நாக்கு மறுபடி படுத்துவிடும். வெந்நீர் ஊற்றலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அது அந்த நேரத்துக்கு விடுவித்து, உறைவதற்கு இன்னும் அதிகத் தண்ணீரை உள்ளே அனுப்பிவிடும்.

ஆளில்லாத இடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் பெரிய பல்சக்கரத்தைச் சக்கரத்தின் கம்பிகளோடு பிளாஸ்டிக் பட்டைகளால் கட்டி ஓட்டுவதும் உண்டு. அப்படிக் கட்டினால் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றியே தீரும். கால் நின்றால் செயின் மேல்பக்கம் தொய்ந்து கியர் மாற்றியை இழுத்து ஒடித்துவிடும். வேறு வழியே இல்லாதபோது, நடை வேகத்தில் மட்டுமே அதைச் செய்யலாம்.

நிலையான தீர்வு, ஃப்ரீவீலைக் கழற்றிப் பழைய கிரீஸை முழுவதும் துடைத்துவிட்டு, கடுங்குளிரிலும் இளகியே இருக்கும் மெல்லிய கிரீஸையோ எண்ணெயையோ இடுவது. நவம்பரில் இதைச் செய்துவிட்டால் மார்ச் வரை கவலை இல்லை. ஆனால் என் வண்டியில் அன்று கிரீஸ் சரியாகத்தான் இருந்தது. முந்தின மாலை வண்டியைச் சூடான அறைக்குள் நிறுத்தினேன். ஒட்டியிருந்த பனி உருகிக் குடத்துக்குள் இறங்கியிருக்கிறது. உலராமலே காலையில் வெளியே எடுத்துப் போனேன். பழுது ராத்திரியிலேயே நடந்து முடிந்திருந்தது.

கியர் மாறவில்லை, அல்லது செயின் பல் தாண்டுகிறது

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். செயின் தாண்டினால் பல்சக்கரங்களின் இடைவெளியைப் பாருங்கள். பனி அங்கே புகுந்து அழுந்திப் பனிக்கட்டியாகியிருக்கும், செயின் பல்லில் அமர முடியாமல் அதன் மேல் மிதந்துகொண்டிருக்கும். ஒரு குச்சியாலோ சாவியாலோ சுரண்டிவிட்டால் சரியாகும். சூடான வண்டியைப் பனிக்குள் இறக்கினால் இது நிச்சயம் நேரும், ஏனென்றால் முதலில் படும் பனி சூடான உலோகத்தில் உருகி, பிறகு பசைபோல் உறைந்து, அடுத்து வரும் பனிக்குப் பிடிப்பிடமாகிவிடுகிறது. குளிர்ந்த உலோகத்தில் படும் உலர்ந்த பனி உதிர்ந்துவிடும்.

நெம்புகோல் அசையவே இல்லையென்றால் கேபிள் உறைக்குள் தண்ணீர் உறைந்திருக்கிறது. பலமாக அழுத்தினால் நெம்புகோல்தான் உடையும். நடுத்தரமான ஒரு கியரில் வண்டி நின்றிருந்தால் அதிலேயே வீடு போய்ச் சேருங்கள். வீட்டில் கேபிளை உருவி, உறையைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு ஒரு நாள் உலர்த்தி, மெல்லிய எண்ணெய் சில சொட்டுகள் விட்டு மாட்டுங்கள். எனக்குக் கேட்டால், குளிர்காலத்துக்கென்று தனியாக ஒற்றைக் கியர் வண்டி வைத்திருப்பதே மேல் என்பேன். மினியாபொலிஸ் சமவெளி ஊர், அது போதும்.

பிரேக் பிடிக்கவில்லை, அல்லது பிடித்தது விடவில்லை

ரிம்மைப் பிடிக்கும் பிரேக்கில், பனிப்படலம் அகலும்வரை முதல் சில சுற்றுகளுக்குக் கட்டை வழுக்கிக்கொண்டே இருக்கும். நிற்க வேண்டிய இடத்துக்கு நெடுந்தூரம் முன்பே லேசாகப் பிடித்துத் துடைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் பிரேக்கில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் எண்ணெயால் இயங்கும் வகையில், மினரல் ஆயில் குளிரில் கெட்டியாவதால் நெம்புகோல் மெதுவாகத் திரும்பும். அது பழுதின் அறிகுறி ஆகாது. கேபிளால் இயங்கும் வகையில் நெம்புகோல் திரும்பவே இல்லையென்றால் உறைக்குள் பனிக்கட்டி இருக்கிறது, கட்டை தேய்ந்துகொண்டே போகும். ஈரமான வண்டியை அலுவலக வாசலில் எட்டு மணி நேரம் நிறுத்தியிருந்தால், ஏறுவதற்கு முன் அதை முன்னும் பின்னும் உருட்டி, பிரேக்கை நாலைந்து முறை அழுத்திப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

விளக்கு அணைந்துவிடுகிறது, பூட்டு திறக்கவில்லை

டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் ஊரில் விளக்கு அணைவது சிறிய விஷயம் அல்ல. லித்தியம் பேட்டரி குளிரில் தன் முழு ஆற்றலையும் தருவதில்லை. அறைக்கு வந்ததும் மீண்டும் உயிர் பெறும். விளக்கை வேலை நேரத்தில் கழற்றிச் சட்டைப் பையில் வைத்திருங்கள். மின்சைக்கிளின் பேட்டரியையும் உள்ளே கொண்டுபோங்கள். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த பேட்டரியை உடனே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் ஆகும் என்பதால், அறையின் வெப்பத்துக்கு அது வரும்வரை காத்திருங்கள்.

பூட்டுத் துளைக்குள் வாயால் ஊதாதீர்கள். மூச்சுக் காற்றின் ஈரம் உள்ளே போய் உறைந்து இன்னும் இறுக்கும். சாவியின் முனையை லைட்டரால் சூடாக்கிச் செருகலாம். பூட்டும்போது துளை தரையைப் பார்த்து இருந்தால் தண்ணீரே இறங்காது.

விரல் மரத்துப் போகிறது

மைனஸ் 18 டிகிரியில் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகக் காற்று அடித்தால், உடம்புக்கு அது மைனஸ் 28 டிகிரி போன்றது; மூடாத தோல் 30 நிமிடங்களில் உறையக்கூடும் என்கிறது அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் அட்டவணை. பள்ளத்துக்குள் காற்று அடிக்காவிட்டாலும் நம் வேகமே காற்றாகிவிடும். விரல் வலிப்பது எச்சரிக்கை. வலி நின்று தோல் வெளுத்து மரத்துப் போனால் அது ஆபத்து, உடனே இறங்கிக் கட்டடத்துக்குள் போக வேண்டும். ஹேண்டில் பாரின் மேல் மாட்டும் உறைகள் எந்தக் கையுறையையும்விட நன்றாகக் காக்கின்றன. கிளம்பும்போது சற்றுக் குளிராக உணரும் அளவுக்கே உடுத்துங்கள். வியர்த்தால் அந்த ஈரமும் கடைசியில் குளிராகத்தான் திரும்பும்.

மறுநாள் காலையில் செயின் செம்மஞ்சளாகியிருக்கிறது

உப்பு நீர் ஓரிரவில் செயினைத் துருப்பிடிக்க வைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரால் செயினையும் பல்சக்கரங்களையும் அலசி, பழந்துணியால் அழுத்தித் துடைத்து, ஈரக் காலத்துக்கான எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டாக விட்டு, மிகுந்ததைத் துடைத்துவிடுங்கள். சீட்டுத் தண்டில் கிரீஸ் இல்லையென்றால் வசந்தத்தில் அதைக் கழற்றவே முடியாது.

இப்படி அலசிய வண்டியை விடிய விடியச் சூடான அறையில் உலர விட வேண்டும். அதற்கு இடமோ நேரமோ இல்லையென்றால் அலசவே வேண்டாம்: பனியைத் தட்டிவிட்டு, செயினை மட்டும் துடைத்து எண்ணெய் விட்டு, வெப்பமில்லாத கொட்டகையில் நிறுத்துங்கள், அங்கே ஒட்டியிருக்கும் பனி பனியாகவே இருக்கும், எதற்குள்ளும் இறங்காது. அறையில் உலர்ந்த வண்டியை, காலையில் காபி போடுவதற்கு முன்பே கூரைக்கு அடியில் வெளியே நிறுத்திவிடுங்கள். குடித்து முடித்து, உடுத்திக்கொண்டு வருவதற்குள் இருபது நிமிடம் ஆகியிருக்கும். கையுறையைக் கழற்றிப் பல்சக்கரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, அது சில்லிட்டிருந்தால் ஏறிக் கிளம்பலாம்.